கூடாத எலும்பும் கைமாறிய பெட்டியும்

லிஃப்ட் மெக்கானிக்குகளுக்குள் அவருக்குப் பம்பரம் என்று பேர். வைத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை. பொருத்தமில்லை என்று சொன்னவரும் இல்லை. ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டால் மற்ற மெக்கானிக்குகள் கீழே நின்று ஒரு டீ குடித்து, காவலாளியிடம் விசாரித்து, ஆற அமர மேலே ஏறுவார்கள். பம்பரம் வண்டியை நிறுத்திய கையோடு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி, உச்சி மாடியில் இருக்கும் மோட்டார் அறையைத் திறந்திருப்பார். பிறகு எதையோ மறந்துவிட்டுக் கீழே ஓடி வருவார். திரும்ப மேலே போவார். பழுது என்னவென்று தெரிவதற்குள் கட்டடத்தில் பாதிப் பேர் அவரைப் படிக்கட்டில் பார்த்திருப்பார்கள்.

சின்ன வயதிலேயே அப்படித்தான். சாக்பீஸ் வாங்கிவர வாத்தியார் அவரைத்தான் அனுப்புவார். அனுப்பினால்தான் மற்ற பிள்ளைகள் பாடம் கேட்க முடியும். கல்யாணப் போட்டோக்களைப் பார்த்தால் மணப்பெண் தெளிவாக இருப்பார், மாப்பிள்ளை கொஞ்சம் கலங்கலாக இருப்பார். அந்த மணப்பெண்ணுக்கு ஒரு பெரிய சலவை நிலையத்தில் இஸ்திரிப் பிரிவில் வேலை. நாள் முழுக்க ஆவிப்பெட்டியைப் பிடித்தபடி நின்று, சாயங்காலம் வீட்டுக்கு வந்து நாற்காலியில் விழுவார். அதனால் அந்த வீட்டில் நாற்காலிக்குச் சண்டையே வந்ததில்லை.

"ஒரு நிமிஷம் உக்காருங்களேன், பேசணும்" என்பார் மனைவி.

"நீ பேசு, நான் நின்னுக்கிட்டே கேக்கறேன்" என்பார் பம்பரம். அதையும் நடந்துகொண்டேதான் சொல்வார்.

லிஃப்டுக்குக் கீழே ஒரு குழி இருக்கும். அதில் இறங்கி ஏறும்போது ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. காத்திருப்பதற்கும் பம்பரத்துக்கும் ஏழாம் பொருத்தம். அன்று கூட வந்தவர் மேலே சுவிட்சை அணைக்கப் போயிருந்தார். அவர் வருவதற்குள் இவர் குழியைத் துடைத்து முடித்து, எண்ணெய்க் கையோடு ஏணியில் கால் வைத்துவிட்டார். ஏணி வழுக்கியது. இடது கால் ஏணிப்படிக்கும் அடியிலிருந்த பெரிய ஸ்பிரிங்குக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. எலும்பு ஒடிந்த சத்தம் மேலே நின்றவருக்கே கேட்டதாம்.

கணைக்காலில் இரண்டு எலும்புகளும் முறிந்திருந்தன. அறுவை செய்து பெரிய எலும்பின் நடுவே நீளமான உலோகக் கம்பியைச் செருகி நிறுத்தினார்கள். சின்ன எலும்பு தானாகக் கூடிக்கொண்டது. பெரியது கூடவில்லை.

முறிந்த இடத்தில் முதலில் ரத்தம் கட்டும். அதற்குள் கொழகொழவென்று ஒன்று வளர்ந்து இரண்டு முனைகளையும் பற்றிக்கொள்ளும். அது மெல்லக் கெட்டிப்பட்டு எலும்பாகும். எக்ஸ்ரேயில் பார்த்தால் முறிவைச் சுற்றி வெள்ளையாக ஒரு புகை போலத் தெரியும். டாக்டரம்மா ஒவ்வொரு முறையும் படத்தை வெளிச்சத்தில் பிடித்து அந்தப் புகையைத்தான் தேடினார். பம்பரமும் கழுத்தை நீட்டித் தேடினார். கருப்பாக ஒரு கோடு, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும், பென்சிலால் கிழித்தது போல. அவ்வளவுதான்.

"ஏன் டாக்டர், என் எலும்புக்கு என்ன கேடு?"

"அந்த இடத்துல சதை கம்மி, ரத்த ஓட்டமும் கம்மி. சில பேருக்கு எலும்பு பாதியிலயே சும்மா இருந்துடும்."

"நானே சும்மா இருக்க மாட்டேன். என் எலும்பு இருக்குதா?" என்றார் பம்பரம். டாக்டரம்மா சிரித்தார். பம்பரம் சிரிக்கவில்லை.

சிகரெட் எலும்பு கூடுவதைக் கெடுக்கும் என்று சொன்னதால் அதையும் விட்டாயிற்று. கைக்கும் வேலையில்லை, காலுக்கும் வேலையில்லை. கக்கத்தில் ஊன்றுகோலை வைத்துக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்கும் குட்டி போட்ட பூனை மாதிரி நடந்தார். ஊன்றுகோல் நுனியின் ரப்பர் தேய்ந்து இரண்டு முறை மாற்றினார்கள். பக்கத்துத் தெருவிலிருந்து அவருடைய அக்கா தினமும் வந்து போனார். தட்டச்சு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தம்பியை உட்கார வைப்பதையே அடுத்த உத்தியோகமாக எடுத்துக்கொண்டார்.

"பொறுத்தார் பூமி ஆள்வார்டா தம்பி."

"பூமி வேண்டாங்க்கா. ஒரு ஏணியில ஏறினாப் போதும்."

இந்த நிலையில்தான் டாக்டரம்மா ஓர் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி இருக்கிறது, அதை முறிவுக்கு நேரே பட்டையால் கட்டி, அடியில் ஜெல் தடவி, தினமும் இருபது நிமிடம் வைக்க வேண்டும், அதிலிருந்து வரும் ஒலி அலை தூங்கும் எலும்பைத் தட்டி எழுப்பும் என்று சிலர் சொல்கிறார்கள், உண்மையா என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது என்றார். மீதியை ஆராய்ச்சி நர்ஸ் விளக்கினார். ஒல்லியான, மெதுவாகப் பேசும் இளைஞர். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே பம்பரம் மூன்று முறை காலை மாற்றி வைப்பார்.

"சார், பாதிப் பேருக்குக் குடுக்கற பெட்டியில அலை வரும். மீதிப் பேரோடதுல வராது. ரெண்டும் பாக்க ஒண்ணுதான், ரெண்டுலயும் விளக்கு எரியும். அலை வந்தாலும் காதுக்குக் கேக்காது, தோலுக்கும் தெரியாது. யாருக்கு எதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது."

"பின்ன யாருக்குத்தான் தெரியும்?"

"வேற ஒரு ஆபீஸ்ல பட்டியலை உறையில போட்டு வெச்சிருக்காங்க. எல்லாம் முடிஞ்சப்புறம்தான் பிரிப்பாங்க."

"என்னை எதுல போடுவீங்க?"

"நாங்க போடறதில்ல. சீட்டுக் குலுக்கற மாதிரி. எது வருதோ அது."

பெட்டியைத் திறக்கக் கூடாது, இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது. இரண்டையும் நர்ஸ் அழுத்திச் சொன்னார். பம்பரம் சரி என்றார். நம்பிக்கை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. தினமும் செய்வதற்கு ஒரு வேலை கிடைத்ததே என்றுதான் தலையாட்டினார்.

அந்த இருபது நிமிடம் அவரைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. பெட்டியைக் கட்டிக்கொண்டு காலை நீட்டி உட்கார வேண்டும். பச்சை விளக்கு மினுக்கும். வாழ்க்கை முழுக்க மூடிய பெட்டிகளைத் திறந்து பார்த்துச் சோறு தின்ற மனிதர். நாலு திருகாணிகள் கண்ணெதிரே இருக்கின்றன. முதல் வாரம் பெட்டியைக் காதில் வைத்துக் கேட்டார். இரண்டாம் வாரம் அதன் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு அலை எழும்புகிறதா என்று பார்த்தார். பழைய ரேடியோவைப் பக்கத்தில் வைத்தார். கரகரவென்று சத்தம் வந்தது, பெட்டியை எடுத்த பிறகும் வந்தது.

"இங்க தொட்டுப் பாரேன். சூடா இருக்கா?" என்று மனைவியிடம் நீட்டினார்.

"நாள் பூரா இஸ்திரிப் பெட்டி பிடிச்ச கைங்க இது. எனக்கு எதுவும் சூடாத் தெரியாது" என்றார் மனைவி. மறுநாள் வேலைக்குப் போகும்போது, திருகுளியெல்லாம் இருந்த அவருடைய வேலைப் பையை எடுத்துக்கொண்டுபோய் அக்கா வீட்டில் வைத்துவிட்டார்.

பம்பரம் ஊன்றுகோலோடு அக்கா வீட்டுக்கே போய்விட்டார்.

"அதுல அலை வருதா வரலையான்னு தெரிஞ்சு என்னடா பண்ணப் போறே?" என்று கேட்டார் அக்கா.

"வந்தா வெச்சுக்குவேன். வரலைன்னா தூக்கிப் போட்டுட்டு வேற வழி பாப்பேன்."

"எல்லாரும் அப்படித் தூக்கிப் போட்டுடுவாங்கன்னுதான் சொல்லாம வெச்சிருக்காங்க. உக்காரு. காப்பி போடறேன்."

காப்பி வந்தது, திருகுளி வரவில்லை.

மாதம் ஒரு முறை ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுத்து, பெட்டியைக் காட்டிவிட்டு வர வேண்டும். காத்திருக்கும் இடத்தில் ஒரு பெண்மணியைச் சந்தித்தார். அவர் காலிலும் அதே கட்டு, மடியில் அதே பெட்டி. தபால் பட்டுவாடா செய்பவர். ஒரு வீட்டின் இரும்புக் கதவு கீலோடு பெயர்ந்து அவர் கால்மேல் விழுந்திருக்கிறது.

"இத்தனை வருஷம் எல்லார் வீட்டு நாய்க்கும் தப்பிச்சேன் அண்ணே. கதவு கடிக்கும்னு யாருக்குத் தெரியும்?"

பம்பரத்துக்கு அவரை உடனே பிடித்துப்போயிற்று. இவர் மேலும் கீழும் ஓடியவர், அவர் தெருத்தெருவாக நடந்தவர். இரண்டு பேருக்கும் நாற்காலி என்றால் தண்டனை. அடுத்த மாதமும் அதே நாளில் வந்திருந்தார்கள். இரண்டு பேர் எக்ஸ்ரேயிலும் புகை இல்லை. வெளியே வந்து எதிரே இருந்த டீக்கடையின் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"எனக்குக் கிடைச்சது வெறும் டப்பான்னுதான் தோணுது" என்றார் தபால்காரம்மா. "என் ராசி அப்படி."

"எனக்கும் அப்படித்தான் தோணுது தங்கச்சி."

"ரெண்டு பேருக்கும் வெறும் டப்பாவாக் குடுத்திருப்பாங்களா என்ன? ஒண்ணுலயாவது இருக்கும்." அவர் டீயை ஊதிக்கொண்டே, விளையாட்டுப் போலச் சொன்னார். "பதினஞ்சு நாள் மாத்தி வெச்சுக்கிட்டா என்ன அண்ணே? இருக்கறது ரெண்டு பேருக்கும் பாதிப் பாதியாவது கிடைக்கும்."

சொன்னவர் விளையாட்டாகத்தான் சொன்னார். கேட்டவர் பம்பரம். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தது போல ஆயிற்று. அடுத்த பதினைந்தாம் நாள் தபால் நிலையத்துக்குப் பக்கத்துப் பேருந்து நிறுத்தத்தில் இரண்டு பெட்டிகளும் கைமாறின. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில், உள்ளே நுழையும் முன் அவரவர் பெட்டி அவரவரிடம் திரும்பிவிடும். அடியில் ஒட்டியிருந்த நம்பரை நர்ஸ் சரிபார்ப்பார் அல்லவா. எவ்வளவு நேரம் ஓடியது என்று குறித்துக்கொள்ளும் கருவி உள்ளே இருந்தது. யார் காலில் ஓடியது என்று அதற்குத் தெரியாது.

"பெட்டி உங்ககிட்டயே இருந்துச்சா சார்?" என்று நர்ஸ் கேட்பார்.

"வேற எங்க போகும்?" என்பார் பம்பரம்.

அந்தச் சில மாதங்கள் அவர் கொஞ்சம் உற்சாகமாகவே இருந்தார். பேருந்து நிறுத்தத்துக்குப் போவதும் வருவதும் ஒரு வேலையாக இருந்தது. பிறகு ஒருநாள் தபால்காரம்மாவின் எக்ஸ்ரேயில் புகை தெரிந்தது. மெல்லிய, வெள்ளையான மூட்டம். அவர் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தார். பம்பரத்தின் படத்தில் அதே கருப்புக் கோடு.

அன்றைக்குப் பிடித்த குடைச்சல் பிறகு விடவேயில்லை. அலை வரும் பெட்டி எது? தன்னுடையது என்றால், தன் பங்கில் பாதியைக் கொடுத்து அவர் எலும்பைக் கூட்டிவிட்டாரா? அவருடையது என்றால், பாதி கிடைத்தும் தனக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? இரண்டுமே வெறும் டப்பா என்றால் அவருக்கு மட்டும் எப்படிக் கூடியது? கூடத்தில் நடந்துகொண்டே இதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். ஒரு சமயம் சட்டென்று நின்றார். இனி சீட்டைப் பிரித்துப் பார்த்தாலும் இதற்கு விடை கிடைக்காது என்று அப்போதுதான் உறைத்தது. பெட்டிகள் கைமாறியது அந்த வேறு ஆபீஸ்காரர்களுக்குத் தெரியாதே. அவர்கள் தபால்காரம்மாவின் எலும்பை ஒரு பெட்டியின் கணக்கில் எழுதுவார்கள். அதை நம்பி இன்னும் எத்தனை கால்களில் என்னென்ன கட்டுவார்களோ.

மனைவிதான் முதலில் கண்டுபிடித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியின் பட்டையைத் துவைக்க எடுத்தவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது ரெண்டு இடத்துல மடிஞ்சிருக்கு. ஒண்ணு உங்க கால் அளவு. இன்னொண்ணு யாரோடது?"

"எல்லாம் என்னோடதுதான். கால் வீங்கும், வத்தும்."

"துணி மடிப்பைப் பத்தி என்கிட்டயே சொல்றீங்களா?"

பம்பரம் ஜன்னல் வரை போய்த் திரும்பி வந்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். மனைவி கோபப்படுவார் என்று எதிர்பார்த்தார். அவர் பட்டையை மடியில் விரித்து நீவத் தொடங்கினார்.

"எங்க இடத்துல ஒரு தடவை துணிச் சீட்டு ரெண்டு மாறிப்போச்சு. பயந்துக்கிட்டு யாரும் சொல்லல. ரெண்டு வீட்டுத் துணி நாப்பது வீட்டுத் துணியைச் சந்தேகப்பட வெச்சிடுச்சுங்க. அந்தத் தம்பி உங்களை நம்பித்தானே கேக்குது?"

"சொல்லிடறேன். ஆனா அந்தம்மாவும் மாட்டிக்குமே."

"அவங்ககிட்ட முதல்ல சொல்லுங்க."

தபால்காரம்மாவுக்குப் போன் போட்டார். விஷயத்தைக் கேட்டதும் மறுமுனையில் குரல் மாறிவிட்டது.

"அண்ணே, எனக்கு இப்பத்தான் கூட ஆரம்பிச்சிருக்கு. இப்பப் போய்ச் சொன்னா பெட்டியைப் பிடுங்கிக்கிட்டா என்ன பண்றது? உங்களுக்குக் கூடலைன்னு என்னுதையும் கெடுக்கணுமா?"

"சத்தியமா அதுக்கில்ல தங்கச்சி."

"வேற எதுக்கு? கொஞ்சம் பொறுங்க. எனக்கு முழுசாக் கூடட்டும். அப்புறம் நானும் கூட வந்து சொல்றேன்."

நியாயமான பேச்சாகத்தான் பட்டது. கொஞ்சம் பொறுப்பது என்று முடிவு செய்தார். மூன்று நாள் தாங்கினார். உள்ளே ஒன்று வைத்துக்கொண்டு வெளியே ஒன்று பேசுவது அவருக்குக் கால்கட்டைவிடப் பெரிய கட்டாக இருந்தது. நாலாம் நாள் காலை யாரிடமும் சொல்லாமல் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அது மனச்சாட்சியா, இருப்புக் கொள்ளாத குணமா என்று பின்னால் அக்கா கேட்டதுண்டு. அவருக்கே தெரியவில்லை.

நர்ஸ் தன் சின்ன அறையில் ரத்த மாதிரிக் குப்பிகளுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தார். பம்பரம் நின்றபடியே சொல்லி முடித்தார். நர்ஸ் கையிலிருந்த குப்பியை மெதுவாகக் கீழே வைத்தார்.

"எப்பலேருந்து சார்?"

சொன்னார்.

"நான் ஒவ்வொரு தடவையும் கேட்டேனே. பெட்டி உங்ககிட்டயே இருந்துச்சான்னு."

"கேட்டே தம்பி."

"நான் அதை எழுதி எழுதி அனுப்பியிருக்கேன்." அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் பம்பரத்துக்குச் சுலபமாக இருந்திருக்கும். "இந்த ஆராய்ச்சிக்கு ஒருத்தர் ரெண்டு பஸ் மாறி வர்றாரு சார். கால்ல கம்பி வெளியில தெரிய, உக்கார இடம் கிடைக்காம நின்னுக்கிட்டே வர்றாரு."

பம்பரம் முதல் முறையாக, யாரும் சொல்லாமலே உட்கார்ந்தார்.

டாக்டரம்மாவிடம் அழைத்துப்போனார்கள். இரண்டு பேரையும் விரட்டிவிடுவார் என்று பயந்துகொண்டிருந்தார் பம்பரம். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: "வெளிய அனுப்ப முடியாது. கூடினவங்க, கூடாதவங்க, சொன்னபடி கேட்டவங்க, கேக்காதவங்க எல்லாரையும், முதல்ல எந்தப் பக்கம் சீட்டு விழுந்துச்சோ அந்தப் பக்கமே வெச்சுத்தான் எண்ணணும். பிடிக்காதவங்களை எடுத்துட்டா நமக்குப் பிடிச்ச விடைதான் வரும். நீங்க பண்ணினதையும் சேர்த்து எழுதி வெப்போம். ஆனா இனிமே அவங்க பெட்டி அவங்ககிட்ட, உங்களுது உங்ககிட்ட. சொல்லாம விட்டிருந்தீங்கன்னா..."

தபால்காரம்மாவின் பெட்டியை யாரும் பிடுங்கவில்லை. அவருக்கு எலும்பு நன்றாகக் கூடியது. ஊன்றுகோலை விட்டுவிட்டு மறுபடி வேலைக்குப் போனார். ஆனால் பம்பரத்தோடு பேசவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் தன்னைக் கூப்பிட்டு விசாரித்த அவமானத்தை அவர் மறக்கவில்லை. காத்திருக்கும் இடத்தில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டீக்கடை பெஞ்சில் பம்பரம் தனியாக ஒருமுறை உட்கார்ந்து பார்த்தார். பாதி டீயிலேயே எழுந்துவிட்டார்.

அவருக்கு அந்தக் கருப்புக் கோடு போகவேயில்லை. கடைசியில் இரண்டாம் முறை அறுவை செய்தார்கள். பழைய கம்பியை எடுத்துவிட்டுக் கொஞ்சம் பருமனான கம்பி போட்டார்கள். இடுப்பெலும்பிலிருந்து சுரண்டி எடுத்த துகளை முறிவைச் சுற்றி அடைத்தார்கள். காலைவிட இடுப்புதான் அதிகம் வலித்தது. "ஒண்ணைக் கூட்டறதுக்கு இன்னொண்ணைத் தோண்டியிருக்காங்க. ரோடு போடறவங்க மாதிரி" என்று மனைவியிடம் சொன்னார்.

இனி குழியில் இறங்கும் வேலை கொஞ்ச காலத்துக்கு வேண்டாம் என்று கம்பெனி அவரைத் தொலைபேசி மேசையில் போட்டது. லிஃப்டுக்குள் மாட்டிக்கொள்பவர்கள் அவசரப் பொத்தானை அழுத்தினால் அழைப்பு அங்கேதான் வரும். ஆள் போய்ச் சேரும் வரை அவர்களோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். இதைக் கேள்விப்பட்ட பழைய மெக்கானிக்குகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பம்பரம் ஊருக்கெல்லாம் பொறுமை சொல்லப் போகிறதாம் என்றார்கள்.

ஆனால் அவருக்கு அந்த வேலை கைவந்தது. "பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது, அமைதியா இருங்க" என்று மற்றவர்கள் சொல்வதை அவர் சொல்லவில்லை. அமைதியாக இருக்க முடியாது என்று அவருக்குத் தெரியும்.

"சார், எனக்கு மூச்சு முட்டுது" என்றார் ஒருநாள் ஒருவர்.

"நடங்க" என்றார் பம்பரம்.

"இதுக்குள்ளயா? நாலடிதான் இருக்கு."

"நாலடி போதும். அந்தச் சுவத்துக்குப் போங்க, இந்தச் சுவத்துக்கு வாங்க. கதவை மட்டும் தொடாதீங்க. நானும் இங்க நடக்கறேன். ஊன்றுகோல் சத்தம் கேக்குதா?"

கேட்கிறது என்றார் உள்ளே இருந்தவர். மெக்கானிக் போய்க் கதவைத் திறக்கும் வரை இரண்டு பேரும் நடந்தார்கள்.

அடுத்த வருடம் எக்ஸ்ரேயில் புகை தெரிந்தது. முதலில் ஒரு பக்கம் மட்டும், பிறகு சுற்றிலும். கோடு கலங்கி, மங்கி, காணாமல் போயிற்று. கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. செருப்புக்குள் ஒரு அட்டை வைத்துக்கொண்டார். நர்ஸ் அன்று படத்தைப் பார்த்துவிட்டு, நீண்ட நாளைக்குப் பிறகு அவரைப் பார்த்துச் சிரித்தார். "நடக்கலாம் சார்" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் பம்பரம் வராந்தாவுக்குப் போய்விட்டிருந்தார்.

ஆராய்ச்சி முடிய மேலும் இரண்டு வருடமாயிற்று. முடிந்ததும் கலந்துகொண்டவர்களையெல்லாம் ஆஸ்பத்திரிக் கூடத்துக்கு அழைத்தார்கள். டாக்டரம்மா ஒரு படம் போட்டுக் காட்டினார். அலை வந்த பெட்டிக்காரர்கள், வராத பெட்டிக்காரர்கள், இரண்டு பக்கமும் எலும்பு கூடியது ஏறக்குறைய ஒரே மாதிரி. பெட்டியால் சொல்லிக்கொள்ளும்படி பயன் இல்லை. இனி யாருக்கும் அதைச் சிபாரிசு செய்யப் போவதில்லை என்றார். கூடத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. பின்வரிசையில் ஒருவர், "அப்ப இத்தனை நாள் கட்டிக்கிட்டு உக்காந்ததெல்லாம் வீணா?" என்று கேட்டார். "இல்லீங்க. வேலைக்காகாதுன்னு தெரிஞ்சதும் ஒரு விஷயம்தான். இனிமே வேற இடத்துல தேடலாம்" என்றார் டாக்டரம்மா. கேட்டவருக்கு அது போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

விரும்புகிறவர்கள் தங்களுக்கு என்ன பெட்டி வந்தது என்று தெரிந்துகொள்ளலாம் என்றார்கள். சிலர் வேண்டாம் என்று எழுந்து போனார்கள். பம்பரம் வரிசையில் முதல் ஆள்.

நர்ஸ் பார்த்துச் சொன்னார். "உங்களுதுல அலை இருந்துச்சு சார்."

"அந்தம்மாவோடது?"

"அவங்க இங்கதான் இருக்காங்க. அவங்க சம்மதிச்சாத்தான் சொல்ல முடியும்."

தபால்காரம்மா வரிசையில் பின்னால் நின்றார். அவரும் தன் விடையைக் கேட்டுக்கொண்டு வந்தார். பம்பரத்தைக் கடந்து வாசல்வரை போனவர், அங்கே நின்று திரும்பினார்.

"உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"அலை இருந்துச்சாம்."

"எனக்கும்தான்."

பம்பரம் இரண்டு விரல்களை இடம் மாற்றிப் பார்த்தார். "அப்ப நாம ஒண்ணை ஒண்ணுக்கு மாத்திக்கிட்டு இருந்திருக்கோம்."

"ஆமா. பஸ் ஸ்டாப்புல திருடங்க மாதிரி." அவர் வாயோரம் லேசாகத் துடித்தது. சிரிப்பா கோபமா என்று சொல்ல முடியவில்லை.

"ஒரே மாதிரிப் பெட்டி, ஒரே மாதிரி முறிவு. உனக்குக் கூடிச்சு, எனக்குக் கூடல. ஏன் தங்கச்சி?"

"டாக்டரைக் கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டேன். தெரியலைன்னுட்டாங்க."

அதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது. பெட்டி வெறும் டப்பாவாக இருந்திருந்தால்கூட ஒரு காரணம் கிடைத்திருக்கும். இப்போது அதுவும் இல்லை. சிகரெட்டா, ரத்த ஓட்டமா, முறிந்த விதமா, பிறவியிலேயே எலும்பு அப்படியா? யாருக்கும் தெரியவில்லை. இப்படிக் கூடாமல் போகிறவர்களுக்கு ஏன் கூடவில்லை என்று பார்க்க வேறொரு ஆராய்ச்சி தொடங்குகிறார்கள் என்றும், அதற்கு ரத்தமும் பழைய அறுவையில் எடுத்து வைத்த எலும்புத் துணுக்கும் தந்தால் போதும் என்றும் நர்ஸ் சொல்லியிருந்தார். பம்பரம் அங்கேயே சம்மதம் சொல்லிவிட்டார். அந்த விடை வர எத்தனை வருடமாகுமோ என்று நினைத்தபோது உள்ளங்கால் குறுகுறுத்தது.

"நான் மத்தியானத் தபாலைப் பிரிக்கணும்" என்றார் தபால்காரம்மா. "போறேன்."

"எந்தப் பக்கம்?"

"ஆத்துப் பாலம் வழியா."

"நானும் அந்தப் பக்கம்தான்" என்றார் பம்பரம். அவர் வீடு நேர் எதிர்ப்பக்கம்.

தபால்காரம்மாவுக்கு அது தெரியும். பேருந்து நிறுத்தத்தில் எத்தனை முறை அவர் வந்த திசையைப் பார்த்திருக்கிறார். பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, தபால்காரர்களுக்கே உரிய வேகத்தில் நடக்கத் தொடங்கினார். பம்பரம் லேசாகச் சாய்ந்து சாய்ந்து கூடவே போனார். பாலத்தின் நடுவில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"நிக்கணுமா அண்ணே?" என்று கேட்டார் தபால்காரம்மா, நிற்காமலே.

"வேண்டாம், வேண்டாம். நீ போ" என்றார் பம்பரம்.